தொண்டையில் ஒன்றும் இல்லை

ஒட்டுசுட்டான்
14.03.1982

தங்கச்சி அமராவதிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தக் காட்டுக்கு வந்து நாங்கள் மண்வெட்டி பிடிக்க, நீ ஆஸ்பத்திரியில் பீச்சட்டி தூக்கப் போன அன்றே அந்த விசாரணை முடிந்தது. நீ விட்டுப்போன உன் பசு செவலை செத்துப்போனது. சொல்லாமல் விட்டால் நாளைக்கு நான் விற்றுத் தின்றேன் என்பாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள்.

பஸ் கண்டக்டரிடம் செவலை எப்படி இருக்கிறது என்று கேட்டனுப்புவாய், அண்ணன் இருக்கிறானா செத்தானா என்று கேட்கமாட்டாய். ஆடு பகை, குட்டி உறவா? இனிக் கேட்கக் குட்டியும் இல்லை.

நாலு நாள் பட்ட பாடு. முதல் நாள் வைக்கோலைத் தொடவில்லை. தொட்டித் தண்ணீரில் முகத்தை வைத்துவிட்டு உதறிக்கொண்டு விலகியது. எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. இரண்டாம் நாள் கத்தத் தொடங்கியது. அது மாடு கத்துகிற கத்தல் இல்லை, தங்கச்சி. தொண்டை அடைத்த மனிதன் தூரத்தில் நின்று யாரையோ கூப்பிடுகிற மாதிரி, ஒரே குரலில், விட்டு விட்டு, நாள் முழுக்க. குளத்துக்குப் போகிற பெண்கள் எங்கள் வேலிப்பக்கம் வராமல் சுற்றிப் போனார்கள். நீ நானா என்று கூப்பிடும் கடைக்காரக் கச்சு முகம்மதுவே வந்து, "ஆண்டியப்பன், உங்கட வளவுக்க ஆர் கூப்பிடுறது?" என்று கேட்டார்.

பக்கத்து வளவுத் தங்கராசா மாடு தெரிந்தவர். பார்த்துவிட்டு, "தொண்டைக்குள்ள பனங்கொட்டை இறுகிப்போச்சு. கையை விட்டு எடுங்கோ, இல்லாட்டி மூச்சு முட்டிச் செத்துப்போகும்" என்றார். மாட்டைக் கட்டிப் போட்டு, வாயைப் பிளந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவியாயிற்று. தொண்டையில் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் பின்னங்கால் விழுந்து, மத்தியானம் செத்தது. காட்டோரப் பாலை மரத்தடியில் புதைத்தேன்.

தை மாதம் பட்டப்பகலில் ஒரு நரி ஊருக்குள் நடந்து வந்தது. நாய்க்கும் பயப்படவில்லை, ஆளுக்கும் பயப்படவில்லை. உன் பசுவின் மூக்கைக் கடித்துவிட்டு வந்த வழியே போனது. அன்றைக்கே எனக்கு மனம் சரியில்லை.

ஆண்டியப்பன்

அமரா, இனி எழுதுவது மீனம்மா. உன் அண்ணன் சொல்லக் கூச்சப்படுகிற சேதி ஒன்று. ஆறு வருடத்துக்குப் பிறகு உண்டாகியிருக்கிறேன். நாலு மாதம் முடிந்தது. கோபத்தை விட்டுவிட்டு ஒருமுறை வந்து போ. இன்னொன்று, சொன்னால் சிரிப்பாய். புதைத்த பிறகும் நேற்று வெயில் சாயும் நேரம் பாலை மரத்துப் பக்கமிருந்து அந்தக் கூப்பிடு கேட்டது. அண்ணனுக்குக் கேட்கவில்லையாம்.


வவுனியா
18.03.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

சண்டையைப் பிறகு பிடிப்போம். அண்ணி, இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்துச் சொல்லுங்கள்.

எங்கள் வார்டுக்கு மூளையில் காய்ச்சல் ஏறியவர்களை எல்லாம் பேய் பிடித்தது என்ற ஒரே பேரில்தான் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். டொக்டர்தான் பிரித்துப் பார்ப்பார். விரலில் குத்திய இரத்தத்தில் மலேரியாக் கிருமி தெரிந்தால் கொயினா ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் முதுகெலும்பில் ஊசி விட்டு நீர் எடுப்பார்கள். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கி வந்தால் பென்சிலின். தெளிவாக வந்த நீர், குழாயில் ஒரு நாள் நின்ற பிறகு உள்ளே சிலந்தி வலை போல ஒன்றைத் தானாகவே கட்டினால் அது சயரோகம் மூளைச் சவ்வுக்குப் போனது, மாதக்கணக்காக ஊசி. குழாயைக் கொண்டுபோவது என் வேலை. காலையில் அந்த வலையைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் உடம்பு கூசும். ஆனாலும் இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு மருந்து உண்டு, பிழைத்து நடந்து போனவர்கள் உண்டு.

ஒன்றுக்கு மட்டும் மருந்து இல்லை. அதைக் கண்டுபிடிக்க முதுகில் ஊசி வேண்டாம், ஒரு கோப்பை தண்ணீர் போதும். போன மாதம் செட்டிகுளத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கார்த்திகையில் நாய் கடித்ததாம். தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுபோனேன். கை கோப்பைக்கு வந்தது, கழுத்து பின்னால் இழுத்தது. ஒரே உடம்புக்குள் இரண்டு பேர் இருந்தது போல. விசிறியின் காற்றுப் பட்டாலும் தொண்டை இறுகியது. புத்தி மட்டும் கடைசி வரைக்கும் தெளிவு. "பிள்ளை, குறை நினையாதேங்கோ, அந்தத் தண்ணியை அங்கால கொண்டுபோங்கோ" என்றார். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

பட்டப்பகலில் வந்த நரிக்கு விசர், அதே வெறிநாய்க்கடி நோய். அது கடித்த செவலைக்கும் விசர். தண்ணீர் இறங்காததும், எச்சில் தொங்கினதும், அப்படிக் கத்தினதும் அதுதான். பனங்கொட்டை இல்லை. தொண்டையே இறுகியிருந்தது.

கையை விட்டது யார்? எழுதவில்லையே. அறுவடைக்காலம், அரிவாள் வெட்டில்லாத விரல் யாருக்கு இருக்கும்? வெட்டு வழியாக எச்சில் போனால் போதும். சில வாரத்திலும் வரும், ஆறு மாதம் கழித்தும் வரும். வருமுன் ஊசி போட்டால் தப்பலாம், வந்த பிறகு ஒன்றுமில்லை. ஊசி பதினான்கு, தொப்புளைச் சுற்றி வயிற்றில், ஒரு நாளும் தவறாமல். ஆட்டு மூளையிலிருந்து செய்கிற மருந்து. ஒளிக்காமல் சொல்கிறேன், ஆயிரத்தில் ஒருவருக்கு அந்த ஊசியே கைகாலை முடக்கிவிடும். அதற்குப் பயந்தால் கதை முடிந்தது. எச்சில் பட்ட எல்லோரும் உடனே வாருங்கள்.

அண்ணி உண்டாகியிருப்பது கேட்டு அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

அமராவதி


ஒட்டுசுட்டான்
23.03.1982

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வாசித்ததிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை. நோயைவிட நீ எழுதுகிற விதம் பயங்கரம். கையை விட்டது நான். வேறு யாரும் தொடவில்லை. உன் அண்ணி கிட்டவும் வரவில்லை. மாட்டைப் பிடித்த தங்கராசாவின் கையில் சாக்குச் சுற்றியிருந்தது. நான் நாளை மறுநாள் முதல் பஸ்ஸில் வருகிறேன். படுக்க இடம் பார்த்து வை.

பீச்சட்டி என்று எழுதியதை மறந்துவிடு.

ஆண்டியப்பன்

அமரா, மீனம்மா எழுதுகிறேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கும் அந்த ஊசியை வயிற்றில்தான் போடுவார்களா? இங்கே பெண்கள் கேட்கிறார்கள், அதனால் கேட்டேன்.


வவுனியா
13.04.1982

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

வருடப்பிறப்புக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்று பதினான்காவது ஊசி போட்ட கையோடு அண்ணன் ஓடிவிட்டார். அண்ணா, நீங்கள் போன பிறகு என் அறை வெறிச்சென்று இருக்கிறது. மூன்று வருடம் பேசாமல் இருந்ததற்கு நம் இரண்டு பேரையும் சாத்தவேண்டும். வயிறு முழுக்கக் கட்டி கட்டியாக வீங்கி, உட்கார முடியாமல் நின்றுகொண்டே என்னைத் திட்டினீர்களே, அந்தத் திட்டு எனக்குத் தேனாக இருந்தது.

முதல் நாள் டொக்டர் முன்னால், வேறு யாராவது தொட்டார்களா என்று நானே கேட்டேன். "இல்ல, அவ கிட்டவே வரல்ல" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். நீங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே பெரிய விஷயமாக இருந்ததால் மேலே கேட்கவில்லை.

அண்ணி கேட்டதற்குப் பதில். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் போடலாம், போடத்தான் வேண்டும் என்கிறார் டொக்டர். ஊசி தோலுக்குக் கீழேதான் போகும், பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போகாது. அப்படிக் கேட்கிற பெண் யார் என்று எழுதுங்கள். அவளையும் ஏதாவது கடித்ததா?

அமராவதி


ஒட்டுசுட்டான்
02.05.1982

தங்கச்சிக்கு,

வந்து எட்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். அடுத்த நாள் இடது கால் என்னுடையதாக இல்லை. கிள்ளினால் தெரியவில்லை. எழுந்து நிற்கப் போய் அடுப்படியில் விழுந்தேன். நீ எழுதிய அந்த ஆயிரத்தில் ஒருவன் நான்தானாம். மாங்குளத்தில் டொக்டரைப் பார்த்தோம். கிருமி செய்தது இல்லை, ஊசியைப் பார்த்து உடம்பு தன் நரம்பையே பகைத்துக்கொண்டது, மெல்ல மாறும் என்றார். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறேன். தங்கராசா, "மாட்டு விசரைவிட ஊசி விசர் பெரிசு போல" என்று பகிடி விடுகிறார். அவருக்கென்ன.

நல்லவேளை, போட்டது நான் மட்டும். வேறு யாரும் போட்டிருந்தால் என்ன கதி என்று நினைக்கவே முடியவில்லை.

ஆண்டியப்பன்

அமரா, நான் மீனம்மா. உன் அண்ணன் விழுந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஊசி என்ற சொல்லே வேண்டாம். கேட்ட பெண்ணுக்கு ஒன்றுமில்லை, சும்மா கேட்டாள். பிள்ளை பிறந்த பிறகு வந்து உன்னைப் பார்க்கிறேன். அப்போது உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை நன்றாகத் துடிக்கிறது.


ஒட்டுசுட்டான்
05.08.1982

தங்கச்சிக்கு,

ஆடி ஆறாம் தேதி நமக்கு ஒரு பெண் பிறந்தாள். மருத்துவிச்சி வடிவம்மா வந்து சேருமுன் அவசரப்பட்டு வந்துவிட்டாள், உன்னை மாதிரி. நிறம் உன் அண்ணி, வாய் நீ. என் கால் சரியாகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டு வரைக்கும் நடக்கிறேன். உன் அண்ணியிடம் நூறு தரம் சொல்லியாயிற்று, பேர் வைக்க அத்தை வரவேண்டும் என்று. வா.

ஆண்டியப்பன்

அமரா. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் போயிருக்கிறார். இனிமேல் அவர் சொல்லாததை எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நாலு நாளாக வலது கை விரல்களில் எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, இன்று முழங்கை. பேனாவைப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

செவலையின் தொண்டைக்குள் கையை விட்டது நான்.

அண்ணன் முதலில் விட்டுப் பார்த்தார். அவருடைய கை பெரிது, பல்லுக்கு அப்பால் போகவில்லை. தங்கராசா அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு, "மீனம்மான்ர கைதான் சின்னக் கை, அவாவை விடச் சொல்லுங்கோ" என்றார். அது உன் பசு, என் கையில் சாப்பிட்டது. தயங்காமல் விட்டேன். நடுவிரலிலும் மோதிர விரலிலும் அரிவாள் வெட்டு இருந்தது. உள்ளே சூடாக இருந்தது. தொண்டை என் கையைப் பிடித்து இறுக்கியது. பிள்ளை விரலைப் பிடிக்குமே, அப்படி. எடுத்த பிறகு கையைச் சாம்பல் போட்டுக் கழுவினேன்.

உன் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்தேன். தொப்புளைச் சுற்றி என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். ஆறு வருடம் கோயில் கோயிலாகப் போய் வந்த பிள்ளை. அது இருக்கிற வயிற்றில் ஆட்டு மூளையைக் குத்துவதா? கைகாலை முடக்கும் என்றும் எழுதியிருந்தாய். பிள்ளைக்கு முடங்கினால்? வேண்டாம் என்றேன். அவர் சண்டை பிடித்தார். பிறகு நான் அழுதேன். நான் அழுதால் அவர் தாங்கமாட்டார். "சரி, நான்தான் விட்டேன் என்று எழுது" என்றார். எழுதினேன். அவர் கையும் பட்டதுதானே, பொய் முழுப்பொய் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிறகு நீ போடலாம் என்று எழுதினாய். போவோமா என்று நினைத்த வாரத்தில் அவர் கால் விழுந்தது.

நேற்று முதல் காற்றுப் பட்டால் முகம் கூசுகிறது. குடத்தில் தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்புகிறது. இன்று காலை பிள்ளையைக் கூப்பிட்டேன். வந்தது என் குரல் இல்லை, அமரா. பாலை மரத்துப் பக்கமிருந்து கேட்டதே, அந்தக் குரல். அன்றைக்கு அது யாரைக் கூப்பிட்டது என்று இப்போது தெரிகிறது.

எனக்கு என்ன ஆகும் என்று நீ எழுதவேண்டாம். செட்டிகுளத்து மனிதரைப் பற்றி எழுதியதே போதும். எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா? நேற்றிலிருந்து கொடுக்கவில்லை. மார் கட்டிக்கொண்டு வலிக்கிறது. அவள் அழுகிறாள். கெதியாகப் பதில் போடு.

மீனம்மா


வவுனியா
08.08.1982

கச்சு முகம்மது நானாவுக்கு,

என்னைத் தெரியும், ஆண்டியப்பனின் தங்கச்சி. கண்டக்டர் கையில் தந்தனுப்புகிறேன். எங்கள் வீட்டுக் கடிதங்களை அண்ணிதான் வாசிப்பார். இதை அவர் வாசிக்கக் கூடாது. அண்ணனைத் தனியே கடைக்குக் கூப்பிட்டு நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். இந்த உதவியை மறக்கமாட்டேன்.

அண்ணா,

உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. உங்கள் கால் விழுந்தது உண்மை, உங்கள் பயமும் உண்மை. நான் மட்டும் என்ன? ஆயிரத்தில் ஒருவர் என்று எழுதி என் நேர்மையைக் காட்டினேன். ஊசி போடாவிட்டால் ஆயிரத்தில் ஆயிரமும் சாவு என்பதை அதே வரியில் எழுதியிருக்கவேண்டும். அண்ணி பெண்கள் கேட்கிறார்கள் என்று எழுதியபோதே பஸ் ஏறி வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்திருக்கவேண்டும். செய்யவில்லை. நாலு மாதம் நேரம் இருந்தது, அண்ணா. நாலு மாதம் நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

அண்ணிக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. டொக்டரிடம் இரண்டு தரம் கேட்டேன், இல்லை என்று இரண்டு தரமும் சொன்னார். கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள், வலி தெரியாமல் தூங்க வைப்பார்கள். பஸ்ஸில் காற்றடிக்கும், அதை அவரால் தாங்க முடியாது, கார் பிடியுங்கள். தண்ணீரை அவர் கண்ணில் காட்டவேண்டாம். விசிறவேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எல்லாம் அவருக்கு விளங்கும்.

பிள்ளையைக் காப்பாற்றலாம். கருவில் இருக்கும்போது இது தாயிடமிருந்து போவது மிக அரிது என்கிறார் டொக்டர். ஆனால் பிறந்த பிறகு பாலில் வராது என்று அவரால் சத்தியம் பண்ண முடியவில்லை, எச்சிலில் நிச்சயம் வரும். அதனால் பிள்ளைக்கும் பதினான்கு ஊசி போடவேண்டும். அதே இடத்தில்தான். தொப்புள் ஆறி ஒரு வாரம்கூட ஆகியிராது, தெரியும். ஊர் முழுக்க வேண்டாம் என்று சொல்லும், அதுவும் தெரியும். மருந்து எடுத்துவர டொக்டரின் கடிதத்தோடு நான் இப்போது அனுராதபுரம் போகிறேன். நாளை பின்னேரம் வார்டில் இருப்பேன். வாருங்கள்.

அண்ணியிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: பால் கொடுக்காமல் விட்டது சரி என்று அமரா சொன்னாள்.

அமராவதி


ஒட்டுசுட்டான்
10.08.1982

தங்கச்சி அமராவதிக்கு,

நான் சொல்லச் சொல்லக் கச்சு முகம்மது நானா எழுதுகிறார்.

மீனம்மா நேற்று மத்தியானம் போய்விட்டாள். உன் கடிதம் வந்தபோது அவளுக்கு நினைவு இருந்தது. நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். தலையை அசைத்தாள். கார் கேட்டேன், ஒருவரும் வரவில்லை. அவள் கூப்பிட்ட சத்தம் கேட்டுப் பயந்துவிட்டார்கள். செவலைக்கு விலகிப் போன அதே பெண்கள் அவளுக்கும் விலகிப் போனார்கள். நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். நடுவில் நடுவில் தெளிந்து, சாப்பிட்டீர்களா என்று என்னிடம் கேட்டாள். புதைத்துவிட்டோம்.

பிள்ளை வடிவம்மா வீட்டில் இருக்கிறாள். டின் மாப்பால் குடிக்கிறாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கொண்டுவருகிறேன். தங்கராசா காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். தன் வாயால் வந்தது என்று தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனாலும், "இருவது நாள் பிள்ளை, அந்த வயித்தில ஊசியோ? நோய் தெரிஞ்ச பிறகு தாய் பால் குடுக்கேல்லத்தானே, விடுங்கோ" என்கிறார். வடிவம்மாவும் அதையே சொல்கிறாள். நானும் மார்ச் மாதம் அப்படியொரு பேச்சுக்குத்தான் தலையாட்டினேன். அதனால் இன்றே பிள்ளையின் துணியை மூட்டை கட்டி வைத்தேன். ஊசி போடும்போது பிள்ளையை நீ பிடிக்கவேண்டாம், நானே பிடிப்பேன். பதினான்கு நாளும் நானே பிடிப்பேன்.

டொக்டர் முன்னால் நீ மறுபடி கேட்பாய், யார் தொட்டது, எப்படித் தொட்டது என்று. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வருமோ தெரியாது. அதனால் இங்கேயே எழுதச் சொல்கிறேன். நேற்றுக் காலை அவள் பிள்ளையை ஒருமுறை காட்டச் சொன்னாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். தூரத்தில் பிடித்தேன். கிட்ட என்றாள். கிட்டப் பிடித்தேன். பிள்ளையின் வாயில் முத்தம் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை, தங்கச்சி. எச்சிலில் நிச்சயம் வரும் என்று நீ எழுதியதை நானா வாசித்து, நான் கேட்டு, அதற்குப் பிறகுதான் பிடித்தேன்.

டொக்டரிடம் இதைச் சொல்லி மருந்து எடுத்து வை.

ஆண்டியப்பன்